இடையே கழிந்த நேரம்

மூடி மிஷின் மேல் இருந்தது.

அவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். நேற்று மாலை அதைக் கழற்றியது அவர்தான். இரண்டு நட்டு, பதின்மூன்றாம் நம்பர் ஸ்பேனர். கழற்றி, ஜன்னலுக்கு மேலுள்ள பலகையில் வைத்தார். பலகையில் இப்போது தூசியில் பதிந்த ஒரு நீள்சதுரத் தடம் மட்டும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணி. கார் நிறுத்தக் கட்டிய கொட்டகை அது. கார் தெருவில் நின்றது; மரமும் ரம்ப மேசையும் உள்ளே இருந்தன. தகரக் கூரை சூடேறி எங்கோ ஒரு மூலையில் டிக் என்று சொடுக்கியது. எட்டு மாதம் பூட்டிக் கிடந்த அறையின் வாடை, பழைய மரத்தூளும் எண்ணெயும் எலிப் புழுக்கையும் கலந்த அந்தப் புளித்த வாடை, நேற்று ஒரு நாள் கதவைத் திறந்து வைத்ததில் பாதிகூடப் போகவில்லை. ஜன்னல் வழியே விழுந்த வெயிலில் தூசி மிதந்தது. இப்போதுதான் யாரோ நடந்து போனதுபோல் சுழன்று மிதந்தது.

ரம்ப மேசையின் நடுவில் வட்டப் பிளேடு பாதி முளைத்து நிற்கும். அதன் மேல் கவிழ ஒரு பிளாஸ்டிக் மூடி. மூடியோடு சேர்ந்தே ஓர் எஃகுத் தகடு, பிளேடுக்குப் பின்னால். அறுபடும் மரம் வாயை மூடிப் பிளேடைக் கவ்விக்கொண்டால், பிளேடு அந்த மரத்தை ஆளை நோக்கித் திருப்பி எறியும். அதைத் தடுக்கத்தான் தகடு. மரத்தை முழுக்க அறுக்காமல் பள்ளமாகக் காடி மட்டும் இழுக்கும்போது இரண்டும் இடைஞ்சல், கழற்றத்தான் வேண்டும். காடி இழுத்து முடித்ததும் திரும்ப மாட்ட வேண்டும்.

இதை அவரைவிட நன்றாகச் சொல்ல ஆள் கிடையாது. அட்டைப்பெட்டி ஆலையில் அவர் பாதுகாப்பு அதிகாரி. இருபத்திரண்டு வருஷமாகத் திங்கட்கிழமைதோறும் காலை ஏழு மணிக்கு மிஷின் ஆட்களை வரிசையில் நிற்க வைத்து, மூடி இல்லாத மிஷினைத் தொடாதே, பிளேடுக்கு நேராக நிற்காதே, ஓர் அடி இடப்பக்கம் தள்ளி நில், கையுறை போட்டுக்கொண்டு பிளேடுப் பக்கம் போகாதே, கடைசி ஒரு சாணுக்கு விரலை அனுப்பாதே, தள்ளுகோலை அனுப்பு என்று சொல்லி வருகிறார். ஆலையில் அவருக்கு மூடி சார் என்று பேர். முதுகுக்குப் பின்னால்தான். அது அவருக்குத் தெரியும். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் உண்டு.

நேற்று நான்கு காடி இழுத்தார். முடித்ததும் இடுப்பு விட்டுப் போயிற்று. காலையில் மாட்டிக்கொள்ளலாம் என்று விளக்கை அணைத்துவிட்டார்.

நட்டைத் தொட்டுப் பார்த்தார். விரலால் அசைக்க முடியவில்லை. முறையாக இறுக்கியிருந்தது.

சமையலறையில் மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கொட்டகைப் பக்கம் போனாயா என்று கேட்டார்.

"எனக்கு அங்க என்ன வேலை?"

மிஷினுக்கு மூடி மாட்டியிருக்கிறது என்றார்.

"ஊருக்கெல்லாம் நீங்க சொல்றீங்க. உங்களுக்குச் சொல்ல யாரோ வந்திருக்காங்க போல." சொல்லிவிட்டு அவள் சிரிக்கவில்லை. கத்தி ஒரு நொடி நின்று மறுபடி ஓடியது.

கொட்டகைக்குள் அவள் கால் வைத்து எட்டு மாதம் ஆகிறது. அவள் தம்பி செத்தது அங்கேதான்.

அடுப்பு மேடைக்குக் கீழே ஒரு டிராயர் இருக்க வேண்டிய இடம் காலியாகக் கிடந்தது. அன்று மரம் அறுத்தது அதற்காகத்தான். அப்புறம் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. போன வாரம் அவளே எடுத்தாள். "எட்டு மாசமா அந்தப் பொந்து என்னையே பாத்துக்கிட்டு இருக்கு. ஒண்ணு டிராயரப் போடுங்க, இல்ல பலகையடிச்சு மூடுங்க." அதனால்தான் பூட்டைத் திறந்தார்.

தம்பி பஸ் டிரைவர். நாற்பது வயது. கல்யாணப் பேச்சை எடுத்தால் எனக்குத்தான் தினமும் அறுபது பேர் குடும்பம் இருக்கிறதே என்று சொல்லிவிட்டு மாடி அறைக்கு ஏறிவிடுவான். வீட்டு ஸ்கூட்டரைத் தள்ளி நிறுத்துவதற்குக்கூட இரண்டு கண்ணாடியையும் திருப்பிப் பார்ப்பான். அவன் போய் இப்படிக் கவனக்குறைவாக நின்றானே என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள்.

அவளுக்குத் தெரிந்தது இவ்வளவு. டிராயர் ஓடுவதற்கு மெல்லிய பட்டைகள் தேவைப்பட்டன. தம்பி அறுத்தான். பிளேடுக்கு நேராக நின்றுவிட்டான். ஒரு பட்டை பிளேடில் மாட்டி, அம்பாகத் திரும்பி வந்து தொடை இடுக்கில் ஏறியது. அவள் அப்போது குளியலறையில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள், எதுவும் கேட்கவில்லை. கணவர் கூப்பிட்டது மட்டும் கேட்டது. ஈரத் தலையோடு ஓடி வந்து பார்த்தபோது அவர் மண்டியிட்டு, மணிக்கட்டு வரை சிவந்த இரண்டு கையாலும் காயத்தை அமுக்கிப் பிடித்திருந்தார். ஆம்புலன்ஸ் வரும்வரை எடுக்கவில்லை.

அந்த இடத்து ரத்தக்குழாய் அறுந்தால் நிமிஷக் கணக்குதான் என்றார் டாக்டர். முதல் நொடியிலிருந்து அமுக்கிப் பிடித்தால் பிழைப்பதுண்டு. பிடித்தும் பிழைக்காமல் போவதுண்டு. அந்த இரண்டாவது வாக்கியத்தைப் பற்றிக்கொண்டுதான் அவள் எட்டு மாதமாக நடமாடினாள். துக்கம் கேட்க வந்தவர்களிடம் அவர் கையைத் தூக்கிக் காட்டினாள். இந்தக் கை விடவே இல்லை, அவன் ஆயுசு அவ்வளவுதான் என்றாள். மழை நாளில் அவர் விரல் மூட்டு வலிக்கிறது என்றால் எண்ணெய் காய்ச்சிக் கொண்டுவந்து ஒவ்வொரு விரலாக நீவி விடுவாள். அவர் கையைக் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

மூடி தானாக ஏறியிருந்த அந்த ஞாயிறு அவர் டிராயர் வேலையைத் தொடவில்லை. வீம்புக்கு மூடியை மறுபடி கழற்றிப் பலகையில் வைத்துவிட்டு வந்தார்.

திங்கட்கிழமை மாலை ஆலையிலிருந்து வந்ததும் சட்டைகூட மாற்றாமல் கொட்டகைக்குப் போனார். மூடி மிஷின் மேல் இருந்தது. மேசையின் வலது ஓரத்தில், கை எட்டும் தூரத்தில், தள்ளுகோல் வைக்கப்பட்டிருந்தது. அதன் பிடி ஆளைப் பார்த்திருந்தது.

மூடி. அப்புறம் தள்ளுகோல்.

அவர் மெல்ல மரக்கட்டை மேல் உட்கார்ந்தார். இந்த வரிசை அவருக்குத் தெரியும்.

விபத்துக்கு முந்தின நாள் காடி இழுக்க மூடியைக் கழற்றியவர் அவர். மாட்டாமல் விட்டவர் அவர். மறுநாள் பதினொன்றரைக்குக் கொட்டகையிலிருந்து மூடி எங்கே அத்தான் என்று மைத்துனன் கேட்டபோது, செய்தித்தாளை இறக்காமல், மெல்லிசுப் பட்டைக்கு அது இடைஞ்சல், சும்மா ஓட்டு என்று சொன்னவரும் அவர்தான்.

சத்தம் கேட்டு ஓடினார். மிஷினை நிறுத்தினார். அவன் தரையில் கிடந்தான். முகம் வெளுத்திருந்தது, நினைவு இருந்தது. இவரைப் பார்த்ததும் அந்த முகத்தில் ஒரு நிம்மதி வந்தது.

"அத்தான், பிடிங்க" என்றான்.

அவர் மிஷினைப் பார்த்தார். மூடி சார் வீட்டில் மூடி இல்லாத மிஷின். போலீஸ் கேட்கும். மேலதிகாரி கேட்பார். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு இருநூறு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். இவள் கேட்பாள்.

"இருப்பா, ஒரு நிமிஷம்" என்றார்.

பலகையிலிருந்து மூடியை எடுத்து மாட்டினார். தள்ளுகோலைக் கை எட்டும்படி மேசையில் வைத்தார். பலகையில் மூடி இருந்த தூசித் தடத்தைத் துணியால் துடைத்தார். எல்லாம் முடிந்த பிறகு, இருபத்திரண்டு வருஷத்துப் பழக்கத்தில், இரண்டு நட்டையும் இன்னொரு முறை இறுக்கிச் சரிபார்த்தார். அதற்கு யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அவன் கண் திறந்தே இருந்தது. முதலில் புரியாமல் பார்த்தான். பிறகு புரிந்து பார்த்தான். அதற்கப்புறம்தான் இவர் மண்டியிட்டார். கையை வைத்தார். மனைவியைக் கூப்பிட்டார்.

ஆலையின் விபத்துப் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு. விபத்துக்கும் முதலுதவிக்கும் இடையே கழிந்த நேரம். விசாரிக்க வந்த போலீஸ்காரர் அதையே வாய்வார்த்தையாகக் கேட்டார். உடனே பிடித்துவிட்டேன் என்றார்.

மூன்று நிமிடம்.

செவ்வாயன்று புதுப் பூட்டு வாங்கிக் கொட்டகையைப் பூட்டினார். சாவியைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டார். மூடியைக் கழற்றவில்லை, அது இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். புதன் காலை முகம் மழித்துக்கொண்டிருக்கும்போது வெயிலில் காய்ந்த மரத்தூளின் வாடை குளியலறை ஜன்னல் வழியே வந்தது. அதோடு கூடவே இரும்பு வாடை, பழைய சாவிக்கொத்தைக் கையில் வைத்துக் கசக்கினால் வருமே, அந்த வாடை. பின்னால் எங்கோ துணி தேய்க்கும் சத்தம். நிதானமாக. மூலை விடாமல். மனைவி துணி துவைக்கிறாள் என்று நினைத்தார். அவள் அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

பூட்டு பூட்டியபடியே இருந்தது. திறந்தார். ஜன்னலுக்கு மேலுள்ள பலகை துடைத்திருந்தது. தூசியும் இல்லை, தடமும் இல்லை. ஈரம் இன்னும் ஓரத்தில் காயாமல் இருந்தது. அவர் பார்க்கப் பார்க்க அது சுருங்கி மறைந்தது.

மேசைக் காலில் தொங்கிய துணியைத் தொடவில்லை. தொட வேண்டியிருக்கவில்லை. அதிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது.

வெள்ளிக்கிழமை ஆலையில் வெட்டு மிஷின் பக்கம் நின்றிருந்தவரிடம் அந்த மிஷின்காரன் வந்து, "சார், அது நேத்தே இறுக்கின நட்டு" என்றான். அவர் குனிந்து பார்த்தார். கையில் ஸ்பேனர் இருந்தது. எப்போது எடுத்தார் என்று தெரியவில்லை. "மூடியும் போட்டாச்சு சார். நீங்க நிம்மதியா வீட்டுக்குப் போங்க" என்றான் அவன். பக்கத்தில் இரண்டு பேர் சிரிப்பை அடக்கினார்கள்.

வீட்டுக்குப் போகத்தான் பயமாக இருந்தது. மூடி ஆயிற்று. தள்ளுகோல் ஆயிற்று. துடைத்தாயிற்று. இனி அந்த நட்டு இரண்டு மட்டும். அது முடிந்தால் அப்புறம் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். அன்று மூன்றாவது நிமிடம் முடிந்ததும் அவர் செய்தது, அவளைக் கூப்பிட்டதுதான்.

அதற்கு முன்னால் தானே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். சனிக்கிழமை முழுக்க வார்த்தைகளைக் கூட்டிப் பார்த்தார். மூன்று நிமிடம் என்று சொல்வதா, கொஞ்ச நேரம் என்று சொல்வதா? கொஞ்ச நேரம் என்றுதான் ஒவ்வொரு முறையும் வந்தது.

ஞாயிறு. பதினொன்றரை ஆகப் போகிறது. மனைவி சாப்பாட்டு மேசையில் உலர்ந்த துணிகளைக் குவித்து மடித்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்தார்.

"ஒரு விஷயம் சொல்லணும்."

அவள் நிமிர்ந்தாள். அவர் கை மேசை விளிம்பைப் பற்றியிருப்பதைப் பார்த்தாள். துணியைத் தள்ளிவிட்டு அந்தக் கையை இழுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். "சொல்லுங்க" என்றாள்.

அந்தக் கையை அவள் பிடித்திருக்கும்வரை அதைச் சொல்ல முடியாது. விடு என்றும் சொல்ல முடியவில்லை. அவள் உள்ளங்கை சூடாக, சோப்பு வாசனையோடு இருந்தது. அவர் வாயைத் திறந்தார்.

கொட்டகையில் மிஷின் ஓடத் தொடங்கியது.

முதலில் அடித்தொண்டையில் ஓர் உறுமல், பிறகு அது ஏறி ஏறி ஒரே மெல்லிய கூவலாக நின்று, மரத்தில் பட்டதும் கரகரத்து, ஜன்னல் கண்ணாடியும் மேசை மேலிருந்த தம்ளரும் சேர்ந்து அதிர்ந்தன. பிறகு பளாரென்று ஒரு அறை. சவுக்கு சொடுக்கியதுபோல். யாரோ மிஷினை நிறுத்தினார்கள். பிளேடு வேகம் இழந்து, இழந்து, நெடுநேரம் சுற்றி அடங்கியது.

அமைதி.

"அத்தான்."

அவள் பிடி இறுகியது.

"அத்தான், பிடிங்க."

அவளுக்கு அந்தக் குரலைச் சொல்லித் தர வேண்டியதில்லை. நாற்காலியிலிருந்து பாதி எழுந்தாள். அப்போது இன்னொரு குரல் கேட்டது. நிதானமான குரல். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குக் கேட்கும் குரல்.

"இருப்பா, ஒரு நிமிஷம்."

அவள் அவர் வாயைப் பார்த்தாள். வாய் அசையவில்லை.

"நீங்க இங்க இருக்கீங்க" என்றாள். "அங்கயும் நீங்கதான் இருக்கீங்க."

பலகையிலிருந்து ஏதோ எடுக்கும் சத்தம். இரும்பில் இரும்பு உரசும் சத்தம். ஸ்பேனர். ஒரு சுற்று. எடுத்து மாட்டி, இன்னொரு சுற்று. அவள் மறுபடி உட்கார்ந்தாள். கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போனது. அவர் கை அவள் கைக்குள் இருந்தது. இரண்டு பேரும் அசையவில்லை. ஒரு நட்டு. இரண்டாவது நட்டு. மேசையில் மரக்கோல் வைக்கும் சத்தம்.

"அத்தான்." இப்போது சின்னதாக.

துணி தேய்க்கும் சத்தம். நிதானமாக. மூலை விடாமல். அவள் உதடு மட்டும் அசைந்தது. நொடி எண்ணுகிறாள் என்று அவருக்குப் புரிய நேரமாயிற்று.

அடுத்த முறை அவன் கூப்பிட்டது கூப்பிட்டதுபோலவே இல்லை.

அதற்கு மேலும் ஸ்பேனர் சத்தம் கேட்டது. ஒரு நட்டு. சரிபார்த்து, இன்னொரு நட்டு.

அவள் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தாள். அவர் கையை விட்டாள். உதறவில்லை. யாரோ வீட்டில் மறந்துவிட்டுப் போன பொருளை எடுத்து வைப்பதுபோல் மேசை மேல் வைத்தாள். எழுந்து பின்வாசல் வழியே நடந்தாள். செருப்புக்கூடப் போடவில்லை.

சாவி அவர் பையில் இருந்தது. பூட்டு திறந்து தொங்கியது.

உள்ளே யாரும் இல்லை. நடுப்பகல் வெளிச்சம். மிஷின், மரம், வெறும் சிமெண்டுத் தரை. அவள் எட்டு மாதமாகப் பார்க்காத அந்த இடத்துக்கு நேராகப் போய் மண்டியிட்டாள். இரண்டு கையையும் தரையை நோக்கி நீட்டினாள்.

கை தரையைத் தொடவில்லை. ஒரு சாண் மேலேயே நின்றுவிட்டது. எதன் மேலோ.

அவள் தோளைக் கொடுத்து அழுத்தினாள். விரல் இடுக்கில் சிவப்பு வந்தது.

"இன்னும் சூடா இருக்கான்" என்றாள்.

அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஓடிவிடலாம். தெருப் பக்கம் பார்த்தார்.

"வாங்க. வந்து பிடிங்க." குரலை உயர்த்தவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை.

போனார். மண்டியிட்டார். அவள் ஒவ்வொரு விரலாகத் தன் கையை விலக்கி, அந்த இடத்தில் அவர் கையை வைத்தாள். நனைந்த துணி. அதன் கீழே சதை. அதற்கும் கீழே, குழாய் வாயை விரலால் அடைத்தால் தண்ணீர் உந்துமே, அப்படி ஒரு உந்தல். நின்று, உந்தி. நின்று, உந்தி.

"கைய எடுக்காதீங்க" என்றாள்.

எழுந்து, கையைப் புடவையில் துடைத்தாள். அந்த நிறம் துணியில் ஒட்டியது. ஆம்புலன்ஸுக்குச் சொல் என்று அவர் கத்தினார். யாருக்கென்று சொல்ல? அவள் கதவைச் சாத்தினாள். பூட்டு விழுந்த சத்தம். காலடி. வீட்டுக்குள் தண்ணீர்க் குழாய் ஓடி நின்றது. நாற்காலி இழுபட்டது. அப்புறம் ஒன்றுமில்லை.

இடது கையை நூலளவு தளர்த்தினார். சூடாக மணிக்கட்டு வரை வழிந்தது. காதுக்குப் பக்கத்தில் பல்லைக் கடித்து யாரோ மூச்சை இழுத்தார்கள். அழுத்தினார். மூச்சு தணிந்தது.

ஜன்னல் வெயில் தரையில் நகர்ந்தது. மேசைக் காலைத் தாண்டியது. சுவரில் ஏறியது. தோள் எரிந்தது. பிறகு தோளே இல்லாததுபோல் ஆயிற்று. பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மன்னித்துவிடு என்றார். பதில் இல்லை. ஆனால் அவன் கேட்டுக்கொண்டிருப்பது தெரிந்தது. முகத்துக்கு நேராக, முழங்கையூன்றித் தலை தூக்கிய ஒருவனின் வாய் இருக்கும் உயரத்தில், மூச்சு வந்து வந்து பட்டது.

அவர் கைகளின் மேல் ஒரு உள்ளங்கை வந்து அமர்ந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை. கனம் மட்டும். அது மெதுவாக விரலை மடக்கி அவர் கைகளை அங்கேயே பிடித்துக்கொண்டது.

வெறும் சிமெண்டுத் தரை. அதற்கு ஒரு சாண் மேலே, காற்றில், சிவந்த இரண்டு கை. துடிப்பு குறையவில்லை.

நிற்கவும் இல்லை.